வடிகாலோரமும் வண்ணத்திரையும்

விளையாட்டு என்ற சொல்லைச் செவிமடுத்த அளவிலேயே அதனைக் கல்விக்குப் பகையாகக் கருதுவது நம் பெற்றோர் பலர்க்கும் வழக்கமாகிவிட்டது. நம் இலக்கணம் அங்ஙனம் கருதவில்லை. உவகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் களங்கள் நான்கு எனக் கண்ட தொல்காப்பியர், செல்வம், அறிவு, புணர்ச்சி ஆகியவற்றோடு விளையாட்டையும் ஒருசேர வைத்து எண்ணினார். பாரதியாரும் தம் பாப்பாப் பாட்டில் படிப்பிற்கு ஒரு பொழுதும் விளையாட்டிற்கு ஒரு பொழுதுமாகக் குழந்தையின் நாளை வகுத்துக் காட்டினார். ஆகவே, விளையாட்டின் வழியே ஒன்றைக் கற்பிக்க முயல்வது மேலைநாட்டார் நமக்குத் தந்த புதுமை என்று எண்ணவேண்டியதில்லை.

சான்றுக்குத் தொலைவில் செல்ல வேண்டா. சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் என் இளமைக்காலம் கழிந்தது. வைகுண்ட ஏகாதசி இரவில், பெருமாள் கோயிலுக்குச் சென்று திரும்பிய பெரியவர்கள் உறக்கத்தை விரட்டுவதற்காகப் பரமபதப் படத்தை விரித்து உட்காருவார்கள். ஏணியின் அடியில் நற்குணங்களின் பெயர்கள். பாம்பின் வாயருகே தீக்குணங்களின் பெயர்கள். தாயம் உருட்டுவார்கள், ஏறுவார்கள், இறங்குவார்கள். அறம் கற்பிக்க எழுந்த ஆட்டம் அது. ஆயினும் சிறுவனாகிய எனக்கு அப்போதே ஓர் ஐயம் உண்டு. பொய் என்ற பாம்பு என்னை விழுங்கியது நான் பொய் சொன்னதாலா, தாயத்தில் மூன்று விழுந்ததாலா? பெயர்களை அந்த ஆட்டம் மனத்தில் பதித்தது உண்மை. தேர்ந்தெடுக்கும் உரிமையை மட்டும் அது ஆடுவோன் கையில் தரவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், கணினி விளையாட்டுகளால் சிறுவர்க்கு உடல்நலம் கற்பிக்கும் முயற்சிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது அந்தப் பழைய ஐயமே என்னைப் பின்தொடர்ந்து வந்தது.

இஃது வெறும் ஆர்வத்திற்காக எழுந்த ஆராய்ச்சி அன்று. 2010-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, 18 முதல் 69 வயது வரையுள்ள சிங்கப்பூரருள் நூற்றுக்கு 11.3 பேர் நீரிழிவு உடையோர் எனக் கண்டது. சீனரிடையே 9.7, மலாய்க்காரரிடையே 16.6, இந்தியரிடையே 17.2. கடைசி எண் நம்மைப் பற்றியது. 2016-இல் சுகாதார அமைச்சு நீரிழிவின்மீது போர் தொடுப்பதாக அறிவித்தபோது, அந்தப் போர்க்களங்களுள் ஒன்று நம் அடுக்களை என்பதை நம்முள் எத்தனை பேர் உணர்ந்தோமோ அறியேன். என் தமிழ் வகுப்பில், 'வீட்டில் யாரேனும் சர்க்கரைக்கு மருந்து உண்கிறார்களா?' என்று ஒருமுறை கேட்டேன். உயர்ந்த கைகளை எண்ணுவதைவிட உயராத கைகளை எண்ணுவது எளிதாக இருந்தது.

வடிகாலோரம்

சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு உடல்நலம் கற்பித்த வரலாறு கட்டளையிலிருந்து தொடங்குகிறது. 1968 அக்டோபரில் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ 'சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருப்போம்' என்ற இயக்கத்தைத் தொடக்கிவைத்தார். நான்கு மொழிகளில் சுவரொட்டிகள் எழுந்தன. அடுத்த ஆண்டு கொசு ஒழிப்பும் அதனோடு சேர்ந்தது. அக்காலத்தில் பள்ளிகளுக்குள் நுழைந்த மற்றொரு வழக்கம், இன்று ஐம்பதும் அறுபதும் கடந்தோர் அனைவர்க்கும் நினைவிருக்கும் பல்துலக்கும் பயிற்சியாகும்.

அதனை அறியாத மாணவர்க்காகச் சற்று விரித்துரைக்கிறேன். இடைவேளை முடிந்ததும் ஆளுக்கொரு நெகிழிக் குவளையும் பல்தூரிகையும் எடுத்துக்கொண்டு, வகுப்பறைக்கு வெளியே ஓடும் வடிகாலின் கரையில் வரிசையாகக் குந்துவோம். ஆசிரியை எண்ணிக்கை சொல்வார். மேற்பல், கீழ்ப்பல், உட்புறம், வெளிப்புறம் என்று அவர் குரலுக்கேற்ப நாற்பது தூரிகைகள் ஒரே திசையில் அசையும். பின் கொப்பளித்து வடிகாலில் உமிழ்வோம். யாருடைய நுரை முதலில் வடிகாலின் கடைசிவரை மிதந்து செல்லும் என்று எங்களுக்குள் ஒரு போட்டி இருந்தது. ஆசிரியைக்கு அது தெரியாது. கட்டளையை நாங்கள் விளையாட்டாக மாற்றிக்கொண்டோம் என்பதே இதன் பொருள்.

அந்தப் பயிற்சியே சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் பல்லைக் காத்தது என்று சிலர் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். முழு உண்மை அதுவன்று. 1949-இலேயே பள்ளிப் பல்மருத்துவச் சேவை தொடங்கப்பட்டிருந்தது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து குழாய்நீரில் ஃபுளோரைடு கலக்கப்பட்டு வந்தது. பல்சொத்தை குறைந்ததில் அந்த நீரின் பங்கு பெரிது. ஆயினும் ஒன்றை மறுப்பதற்கில்லை: அறிவுரையாகச் சொல்லப்பட்டவை எல்லாம் மறந்துபோக, கையும் வாயும் செய்த செயல் மட்டும் எங்கள் உடலில் நின்றது. இன்றும் பல்துலக்கும்போது உட்புறத்திற்கு முன் வெளிப்புறம் செல்ல என் கை ஒப்புவதில்லை.

எடைக்கருவி

வறுமைக்காலத்துப் பிள்ளையின் குறை போதிய ஊட்டமின்மை. வளம் வந்தபின் குறையும் மாறியது. 1992-இல் தேசிய நல்வாழ்க்கைமுறை இயக்கம் தொடங்கியது. அதே ஆண்டில் கல்வி அமைச்சு பள்ளிகளில் கொண்டுவந்த கட்டுடல் திட்டத்தை ஆங்கிலத்தில் 'டிரிம் அண்டு ஃபிட்' என்பார்கள், சுருக்கமாக 'டாஃப்'. மிகை எடையுள்ள மாணவர்கள் தனியே பிரிக்கப்பட்டு, பள்ளிநேரத்திற்கு முன்னோ பின்னோ இடைவேளையிலோ கூடுதலாக உடற்பயிற்சி செய்தார்கள். சுருக்கப்பெயரின் மூன்று ஆங்கில எழுத்துகளையும் பின்னிருந்து படித்தால் கொழுத்தவன் என்று பொருள்படும் சொல் வரும். பெரியவர்கள் இதனைக் கவனித்தார்களோ இல்லையோ, பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

எண்களால் அளந்தால் அத்திட்டம் தோல்வி அன்று. அது நடந்த ஆண்டுகளில் மிகை எடையுள்ள மாணவர்களின் விகிதம் இறங்கியது. 2006-இல் நூற்றுக்கு 9.5 என்ற அளவில் நின்றது. 2007-இல் அமைச்சு அதனைக் கைவிட்டு, எடையை மட்டும் பாராது எல்லா மாணவரையும் உட்படுத்தும் முழுமைசார்ந்த நலத்திட்டத்தை ஏற்றது. பிரித்து நிறுத்தியதால் விளைந்த கேலியும் மனப்புண்ணும் நெடுநாள் பேசப்பட்டு வந்தன. நான் அப்போது பணியாற்றிய பள்ளியின் பெயர் இங்குத் தேவையில்லை. அங்கே என் மாணவன் ஒருவன் பேச்சுப்போட்டிகளில் முதல்வனாக விளங்கியவன். இடைவேளையில் அவன் பெயர் ஒலிபெருக்கியில் அழைக்கப்படும். திடலைச் சுற்றி ஓடுவான். சிற்றுண்டிச்சாலையிலிருந்து ஏனையோர் பார்ப்பார்கள். ஆண்டிறுதியில் அவன் எடை குறைந்திருந்தது. மேடையேற மறுக்கவும் தொடங்கியிருந்தான். அவனை மீண்டும் மேடைக்குக் கொண்டுவர எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

கட்டளை ஒரு தலைமுறைக்குப் பயன்பட்டது. அடுத்து வந்த முறை உடலைக் குறைத்து உள்ளத்தைப் புண்படுத்தியது. மூன்றாவதாக ஒரு வழியைத் தேடிய காலத்தில்தான் கணினித்திரை எதிரே வந்தது.

திரையின் வருகை

திரையை முதலில் நாம் வரவேற்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் காசு போட்டு ஆடும் விளையாட்டு நிலையங்கள் சிங்கப்பூரில் பெருகியபோது, பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போடுவதற்கும் காசு திருடுவதற்கும் அவையே காரணமென்று பெற்றோர் முறையிட்டார்கள். அரசும் அவற்றை ஒடுக்கியது. பின் மெல்ல மெல்லக் கணினி, விளையாட்டின் வாயிலாக அன்றிக் கல்வியின் வாயிலாக வீட்டிற்குள் நுழைந்தது. 1997-இல் கல்வி அமைச்சு தகவல் தொழில்நுட்பத்திற்கான முதல் பெருந்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதம் உலகின் பல பகுதிகளிலிருந்தும் தமிழ்க் கணிமை அறிஞர்கள் 'தமிழ்நெட் 97' மாநாட்டிற்காகச் சிங்கப்பூரில் கூடினர். அதற்கு முன்நின்று உழைத்தவர் நம் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. இணையத்தில் தமிழெழுத்தைத் தோன்றச்செய்த முன்னோடிகளுள் அவர் ஒருவர், 1999-இல் மறைந்தார். அவர் திறந்த வாயிலில் எத்தனையோ நுழைந்தன. பிள்ளைகளின் விளையாட்டு மட்டும் தமிழில் மிகுதியாக நுழையவில்லை.

உடல்நலம் கற்பிக்கும் கணினி விளையாட்டுகள் அதற்கு முன்பே அமெரிக்காவில் பிறந்திருந்தன. நமக்கு வியப்பளிப்பது, அவற்றுள் முன்னோடிகளாக நின்றவை நீரிழிவைப் பற்றியவை என்பதே. 1992-இல் 'கேப்டன் நோவோலின்' என்ற ஆட்டம் வந்தது. நீரிழிவுடைய ஒரு வீரன், தின்பண்ட வடிவில் வந்து தாக்கும் வேற்றுக்கோளினரை எதிர்த்துப் போராடுவான். கேட்க வேடிக்கையாக உள்ளது. உணவையே பகைவனாகக் காட்டும் போக்கு எனக்கு உவப்பன்று. 1995-இல் வந்த 'பேக்கி அண்டு மார்லன்' அதனினும் மேம்பட்டது. நீரிழிவுடைய இரண்டு யானைக்குட்டிகள் முகாம் ஒன்றிற்குச் செல்கின்றன. எலிகள் உணவையும் மருந்தையும் கவர்ந்து சிதறடித்துவிடுகின்றன. ஆடும் பிள்ளை அவற்றைத் தேடி மீட்பதோடு, யானைக்குட்டியின் இரத்தச் சர்க்கரையை அளந்து, இன்சுலின் அளவைத் தீர்மானித்து, வேளைக்குத் தக்க உணவைத் தெரிந்தெடுக்க வேண்டும். தவறினால் யானை சோர்ந்துவிடும். இங்கே தாயக்கட்டை முடிவெடுப்பதில்லை, பிள்ளையே முடிவெடுக்கிறது.

இதனை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார்கள். எட்டு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள 59 நீரிழிவுப் பிள்ளைகள், ஆறு மாதம். ஒரு பகுதியினர்க்கு யானை ஆட்டம். மற்றோர்க்கு உடல்நலத்தோடு தொடர்பில்லாத வேறோர் ஆட்டம். யானை ஆட்டம் ஆடியவர்கள் நீரிழிவுக்காக அவசரமாக மருத்துவரிடம் செல்லவேண்டி வந்த தடவைகள் நூற்றுக்கு 77 என்ற அளவில் குறைந்தன. ஐம்பத்தொன்பது பேர் என்பது சிறு எண்ணிக்கையே; ஆதலால் இதனைக் கல்வெட்டாகக் கொள்ளலாகாது. மேலும், அப்பிள்ளைகளுக்கு இருந்தது சிறுவயதிலேயே தோன்றும் முதல்வகை நீரிழிவு. நம் குடும்பங்களில் மிகுந்திருப்பது நடுவயதில் வரும் இரண்டாம் வகை. ஆயினும் அந்த ஆய்வில் என் கருத்தைக் கவர்ந்த செய்தி 77 என்ற எண் அன்று. யானை ஆட்டம் ஆடிய பிள்ளைகள் தம் நோயைப் பற்றிப் பெற்றோரிடம் முன்னினும் மிகுதியாகப் பேசினார்கள் என்பதே அது. திரையில் நடந்தது வீட்டில் பேச்சாக மாறியது.

2003-இல் ஹூஸ்டன் நகரத்தார் வெளியிட்ட மற்றோர் ஆய்விலும் இதே நூல் ஓடுகிறது. 26 தொடக்கப்பள்ளிகள், 1578 மாணவர்கள். 'ஸ்கொயர்ஸ் குவெஸ்ட்' என்ற அந்த ஆட்டத்தில் பிள்ளை ஓர் அரசனுக்குத் துணைவனாகச் சேர்ந்து வீரப்பட்டம் பெற முயல்கிறது. அதற்குக் கோட்டையின் சமையற்கூடத்தில் காய்கனிகளைக் கொண்டு உணவு சமைத்துப் பழகவேண்டும்; வீட்டிலும் அதனைச் செய்துபார்க்க ஊக்குவார்கள். ஐந்து வாரங்களில் பத்து அமர்வுகள். முடிவில் அப்பிள்ளைகள் நாளொன்றுக்குக் காய்கனியையும் பழச்சாற்றையும் ஏனையோரினும் ஏறத்தாழ ஒரு பங்கு கூடுதலாக உண்டார்கள். ஒரு பங்குதானா என்று கேட்கலாம். பிள்ளையின் தட்டில் ஒரு கரண்டி கீரையைக் கூடுதலாக வைத்துப் பார்த்தவர்கள் அங்ஙனம் கேட்கமாட்டார்கள்.

இவற்றோடு ஒப்பிட, நம் பள்ளிகளில் நான் கண்ட உடல்நல ஆட்டங்கள் பெரும்பாலும் வினாவிடைகளே. பழத்தைக் கூடையிலும் வறுவலைக் குப்பைத்தொட்டியிலும் இழுத்துப் போடவேண்டும், மணி ஒலிக்கும், விண்மீன் மின்னும். ஒருமுறை அத்தகைய ஆட்டத்தில் என் வகுப்பு மாணவன் ஒருவன் முழுமதிப்பெண் பெற்றான். பள்ளி முடிந்து வெளியே வந்தேன். எதிர்ப்புறக் கடையருகே அவன் ஒரு கையில் பண்டோங் பொட்டலமும் மறு கையில் மீன்வறுவலுமாக நின்றான். என்னைக் கண்டதும் நாணவில்லை. "சார், அது கேம், இது தாகம்" என்றான். பல ஆண்டு ஆராய்ச்சி சொல்வதை அவன் நான்கு சொற்களில் சொல்லிவிட்டான்.

காலும் கண்ணும்

உட்கார்ந்து ஆடும் ஆட்டம் உடலுக்கு ஆகாது என்ற குறையை நீக்க, எழுந்து ஆடும் ஆட்டங்கள் வந்தன. 1998-இல் ஜப்பானியர் வெளியிட்ட நடன ஆட்டத்தில், திரையில் ஓடும் அம்புக்குறிகளுக்கேற்பக் காலை மிதிக்கவேண்டும். 2006-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் அதனைத் தன் பள்ளிகளின் உடற்பயிற்சிக்கே ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டே வந்த நின்டெண்டோ நிறுவனத்தின் 'வீ' கருவி கைவீச்சை ஆட்டமாக்கியது. சிங்கப்பூரிலும் இதனை ஆராய்ந்தார்கள். நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மே லுவின் குழுவினர், உடற்கல்வி வகுப்பில் அத்தகைய ஆட்டங்களைச் சேர்த்து நடத்தினால் பிள்ளைகளின் மனப்பாங்கு எவ்வாறு மாறுகிறது என்பதை வழக்கமான வகுப்போடு ஒப்பிட்டு 2012-இல் எழுதினார்கள். எடையை அளந்து நிறுத்திய காலத்திற்குப் பிறகு மனப்பாங்கை அளந்தார்களே, அந்த மாற்றமே எனக்குப் பெரிதாகப்பட்டது.

பின்னர் வந்தது 2016. அவ்வாண்டு ஆகஸ்டில் 'போக்கிமான் கோ' சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது. கைப்பேசியை ஏந்திக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பூதக்குட்டிகளைத் தேடி மக்கள் நள்ளிரவிலும் தெருவில் நடந்தார்கள். ஹவ்காங்கில் ஒரு புளோக்கைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். நடக்கச் சொல்லி எத்தனை சுவரொட்டி ஒட்டியும் நடவாதவர்களை ஒரு பூதக்குட்டி நடக்கவைத்துவிட்டதே என்று மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். அவ்வாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. 18 முதல் 35 வயது வரையுள்ளோர் அந்த ஆட்டத்தைத் தொடங்கிய முதல் வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 955 அடிகள் கூடுதலாக நடந்தார்களாம். ஆறாவது வாரத்தில் அந்தக் கூடுதல் முற்றும் மறைந்துவிட்டதாம். பூதக்குட்டி அகப்பட்டதும் நடையும் நின்றது.

நம் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015-இல் தொடங்கிய தேசிய நடைச் சவாலும், 2020-இல் ஆப்பிள் நிறுவனத்தோடு சேர்ந்து பெரியவர்களுக்காகக் கொண்டுவந்த 'லூமிஹெல்த்' செயலியும் இவ்வகையைச் சார்ந்தவையே. நடந்தால் புள்ளி, புள்ளிக்குப் பரிசு. பயனில்லை என்று சொல்லமாட்டேன்; கையில் அடிமானி கட்டியபின் மின்தூக்கியை விட்டுப் படியேறிய என் சகோதரியை நான் அறிவேன். ஆனால் பிள்ளைகளைப் பொறுத்தவரை, பரிசை நம்பி ஊட்டிய பழக்கம் பரிசோடு போய்விடுமோ என்ற அச்சம் எனக்கு உண்டு.

மற்றோர் இடர் இன்னும் கூர்மையானது. சிங்கப்பூர் இளைஞருள் ஏறத்தாழ ஐவரில் நால்வர் கிட்டப்பார்வை உடையோர். இதற்காகவே 2001-இல் தேசியக் கிட்டப்பார்வைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. பிள்ளை வெயிலொளியில், வெளியிடத்தில் மிகுதியாக விளையாடவேண்டும் என்பது அத்துறை வல்லுநர் தரும் அறிவுரை. 2025 சனவரியில் அறிவிக்கப்பட்ட 'குரோ வெல் எஸ்ஜி' திட்டம் திரைநேரத்திற்கு எல்லை வகுத்தது: ஒன்றரை வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டா, ஆறு வயது வரை பள்ளிக்கு வெளியே நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்குள், ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை, பள்ளிப்பாடம் நீங்கலாக, இரண்டு மணி நேரத்திற்குள். இந்த நிலையில், உடல்நலத்தைக் கற்பிக்கிறேன் என்று மேலும் ஒரு திரையைப் பிள்ளையின் முன் வைப்பது, மருந்தென்று சொல்லி நோயைப் புகட்டுவதாகாதா? திருக்குறளில் மருந்து அதிகாரத்தைக் கற்பிக்கும் நாம் இந்த வினாவைத் தட்டிக்கழிக்க இயலாது. முன்னுண்டது செரித்தது தெரிந்தபின் உண்க என்று வள்ளுவர் உணவுக்கு வைத்த அளவு திரைக்கும் பொருந்தும்.

எனினும், திரையை முற்றும் ஒதுக்கத் துணியாதபடி ஓர் ஆட்டம் என்னைத் தடுத்தது. 2020 சூனில் போக்கிமான் நிறுவனத்தார் 'போக்கிமான் ஸ்மைல்' என்ற சிறு செயலியை வெளியிட்டார்கள். கைப்பேசியின் ஒளிப்படக் கருவி பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளை உண்மையாகவே பல்துலக்க வேண்டும். துலக்கத் துலக்கத் திரையிலுள்ள கிருமிகள் அழியும்; சிறைப்பட்ட பூதக்குட்டி விடுதலை பெறும். எந்தப் பக்கம் துலக்கவேண்டும் என்று திரையே சொல்லும். மேற்பல், கீழ்ப்பல், உட்புறம், வெளிப்புறம்! என் பேரன் அதனை ஆடியதைக் கதவருகே நின்று பார்த்தேன். அதே வடிகாலோரம், அதே நுரைப்போட்டி. ஆசிரியையின் குரலுக்குப் பதில் ஒரு பொம்மையின் குரல். சில நிமிடங்களில் ஆட்டம் முடிந்தது, பல்லும் துலக்கியாயிற்று. இந்த ஆட்டத்தில் உடல் செய்யும் செயலே ஆட்டத்தின் நகர்வாக இருக்கிறது. பழத்தைக் கூடையில் இழுத்துப் போடும் ஆட்டத்தில் அஃது இல்லை. வேறுபாடு முழுவதும் இங்கேதான்.

அடுக்களையின் மொழி

பல்துலக்குவதைத் திரை பார்க்கலாம். உண்பதை யார் பார்ப்பது? 2022 டிசம்பர் இறுதியிலிருந்து சிங்கப்பூரில் விற்கும் பொட்டலப் பானங்களுக்குச் சர்க்கரை அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை தரவரிசை வந்தது. 2023 டிசம்பர் இறுதியிலிருந்து கடைகளில் உடனுக்குடன் கலந்துதரும் பானங்களுக்கும் அது விரிந்தது. தேக்கா உணவங்காடியில் தே தாரிக் ஆற்றுவோர் முன் நிற்கும் பாட்டிக்கு இந்த எழுத்தின் பொருள் தெரிய வேண்டுமானால், உடன் நிற்கும் பேர்த்திதான் சொல்லவேண்டும். பேர்த்தி பள்ளியில் உணவியலை ஆங்கிலத்தில் கற்கிறாள். அவளுக்கு 'ஃபைபர்' தெரியும்; நார்ச்சத்து தெரியாது. 'இன்சுலின்' தெரியும்; கணையம் தெரியாது. 2010-இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளுள் நூற்றுக்கு 3.3 பேர் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்றனர். 2020-இல் அது 2.5. யானைக்குட்டி ஆட்டத்தின் பயன் வீட்டுப்பேச்சின் வழியே வந்தது என்று முன்னே கண்டோம். நம் வீடுகளில் அந்தப் பேச்சு நடக்கவேண்டிய மொழியே தேய்ந்துவருகிறது. தமிழாசிரியர்க்கு உடல்நலத்தில் என்ன வேலை என்று கேட்போர்க்கு நான் இந்த இரண்டு எண்களையும் காட்டுவது வழக்கம்.

சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்பு மாணவர்களோடு சேர்ந்து மிக எளிய ஆட்டம் ஒன்றைச் செய்துபார்த்தேன். பெருமையாகச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. சொடுக்கினால் அடுத்த பக்கத்திற்குச் செல்லும் படக்கோப்பு, அவ்வளவே. ஆட்டத்தின் பெயர் 'பாட்டியோடு ஒரு நாள்'. காலையுணவு, கடைக்குச் செல்லுதல், மருந்து, மாலைநடை என ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளை ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். ஒரே ஒரு விதி வைத்தேன்: தன் வீட்டுப் பாட்டியையோ தாத்தாவையோ, அவர்கள் இல்லையேல் அம்மாவையோ கேட்காமல் எந்தக் கட்டத்தையும் நிரப்பக்கூடாது. திரையில் ஆடும் நேரம் பத்து நிமிடம். கேட்டு எழுதும் நேரத்திற்கு அளவில்லை.

முதலில் திருத்தம் வந்தது மொழியில். நான் பாடநூல் நடையில் 'முழுத்தானியம்' என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல் எந்தப் பாட்டிக்கும் விளங்கவில்லை. ஒருவர் 'கைக்குத்தல் அரிசியைச் சொல்கிறாரா உன் வாத்தியார்?' என்று கேட்டனுப்பினார். மற்றொருவர் கேழ்வரகு என்றார். 'மாவுச்சத்து' என்ற இடத்தில் ஒரு பாட்டி, தாம் இளமையில் தஞ்சைப் பக்கம் உண்ட உணவுகளை வரிசையாகச் சொல்ல, பேரன் இரண்டு தாள் நிரப்பிக்கொண்டு வந்தான். அந்தத் தாள்களில் எழுத்துப்பிழை மிகுதி. நான் சிவப்பு மையைத் தொடவில்லை.

காலையுணவுக் கட்டத்தில் சரியான விடையாக நான் இரண்டு இட்டிலி வைத்திருந்தேன். மறுநாள் ஒரு மாணவி கோப்பை மாற்றவேண்டும் என்று வந்து நின்றாள். "இரண்டுதான் என்று யார் சொன்னது, அவரை இங்கே அழைத்துவா என்று பாட்டி சொன்னார், சார்" என்றாள். அவள் பாட்டிக்குப் பல ஆண்டுகளாக மூன்று. மருத்துவமனைத் தாதி என்ன சொன்னார் என்று கேட்டுவரச் சொன்னேன். தாதி சொன்னது பாட்டிக்கு நினைவில்லை. வீட்டில் அட்டை ஒன்று இருந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. பேர்த்தி அதனைப் படித்துத் தமிழில் சொன்னாள். சாம்பாரில் காயைக் கூட்டினால் இட்டிலியைக் குறைக்க இணங்குவதாகப் பாட்டி சொன்னார். அந்த வாரம் முழுதும் அவ்வீட்டில் இதே வழக்கு. கடைசியில் அந்தக் கட்டத்தில் இரண்டரை என்று எழுதிக்கொண்டு வந்தாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.